நாலு கிலோமீட்டர்

வாரம் ஆறு நாள் ரூவியில்
லிஃப்ட் குழிக்குள் நின்று
அண்ணாந்து பார்ப்பவன் நான்.
பெட்டி ஏறினால்
இரும்புப் பாளம் ஒன்று இறங்கும்.
எதிர் எடை என்று பெயர்.
அது இல்லாமல் யாரும்
எதிலும் ஏற முடியாது
என்றுதான் நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை. நிஸ்வா கோட்டையடியில்
ஆட்டுச் சந்தை இன்னும் கூடவில்லை.
பெனிட்டா சங்கிலிக்கு எண்ணெய் விட்டாள்.
ரத்த வங்கியில் வேலை அவளுக்கு,
ஒரு சொட்டும் சிந்தாது.
"மூணு நாள். முந்நூத்திச் சொச்சம்.
இதே கல்லுல வந்து முடியணும்.
இல்லேன்னா அது வட்டமில்ல, கோடு."

பஹ்லாவின் மண் மதில்
நெடுநேரம் கூடவே வந்தது,
பேச்சுத் துணைக்கு வருபவன் மாதிரி.
அல் ஹம்ராவில் மூன்று மாடி மண் வீடுகள்.
தொழில் புத்தி, கண் உயரத்தை அளந்தது.
மேல் மாடி ஜன்னலில்
வாடகை தராத புறா ஒன்று.

அதற்கப்புறம் மலை.

முன்சக்கரம் வானத்தை முகர்ந்தது.
கடைசிப் பல்லுக்கும் கீழே
இன்னொரு பல் இருக்குமா என்று
விரல் தானாகத் தேடியது.
புட்டித் தண்ணீர் சுட்டது.
தொடைக்குள் யாரோ
நனைந்த துணியைப் பிழிந்தார்கள்.
பெனிட்டா இரண்டு வளைவு மேலே
சிவப்புச் சட்டையாக இருந்தாள்.
பிறகு சிவப்புப் புள்ளி.
பிறகு வெறும் சாலை.

அப்போதுதான் அந்த டொயோட்டா,
சந்தையில் விலை படியாத
ஏழு ஆடுகளோடு.
நாசிர் பின் ஹமூத் கண்ணாடியை இறக்கினார்.
என்னையும் மலையையும்
மாறி மாறிப் பார்த்துவிட்டு
ஒரே சொல் கேட்டார்:
"லிஃப்ட்?"

மஸ்கட்டில் என்னைக் கூப்பிடும் பெயரே அதுதான்.
"லிஃப்ட் வந்தாச்சா?"
"லிஃப்டை மூணாவது மாடிக்கு அனுப்பு."
பன்னிரண்டு வருடமாக
அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பழகிய கழுத்து,
திரும்பிவிட்டது.

நாலு கிலோமீட்டர்.
சைக்கிளைக் கட்டிக்கொண்டு
புழுக்கைகளின் மேல் குந்தியிருந்தேன்.
கறுப்புக் கிடா ஒன்று
என் தோளில் தாடையை வைத்துக்கொண்டது.
விற்காமல் போனதில்
அதற்கு ஒரு நிம்மதி இருந்திருக்கும்.
உச்சிக்கு ஒரு வளைவு முன்னால்
கூரையைத் தட்டி இறங்கினேன்.
முகத்தில் தண்ணீர் தெளித்து
வியர்வை தயாரித்தேன்.

"அந்த ஆட்டு வண்டி
உன்னையும் ஏறச் சொல்லுச்சா?" என்றாள்.
"சொல்லுச்சு" என்றேன்.
அது பொய்யில்லை.

இறக்கம் முழுக்க ஜல்லி.
பிரேக் அலறியதில் மலையே கூசியது.
பிலாத் சைத்தில் வாய்க்கால்
வயலுக்கு வயல் முறை வைத்துப் போனது.
மேலே ஏற வேண்டிய கவலை
நீருக்கு இல்லை.
அதன் மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது.

பாறை இடுக்கில் பச்சை மடு.
கால் விட்டதும் சின்ன மீன்கள்
குதிகாலைக் கொத்திச் சோதித்தன.
என் சட்டையைக் காயப் போட எடுத்தவள்
காலரிலிருந்து ஒரு மயிரை உருவினாள்.
கறுப்பு. நீளம்.
வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்,
ஆய்வகத்தில் கண்ணாடிச் சில்லைப் பார்ப்பதுபோல.
நான் மீன்களை எண்ண ஆரம்பித்தேன்.
பதினேழு. பதினெட்டு.
மயிரைத் தண்ணீரில் விட்டாள்.
அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு
வழி தெரிந்ததுபோல் போனது.

"ருஸ்தாக்ல இட்லி கிடைக்குமா?"
"கிடைக்காது."
"அப்ப எந்திரி. இன்னும் நிறைய இருக்கு."

ஞாயிறு இரவு
அதே கல்லில் சக்கரத்தை முட்டவிட்டோம்.
கை குலுக்கினாள். கொஞ்சம் அழுத்தமாகவே.

திங்கள் காலை, குழிக்குள் நான்.
மேலே யாரோ பொத்தானை அமுக்க,
பெட்டி ஏறியது.
பாளம் இறங்கி வந்து
என் தோளுயரத்தில் நின்றது.
யாரும் பார்க்கவில்லை.
அதைக் கொஞ்ச நேரம்
தட்டிக்கொடுத்தேன்.